ரஸ்தா காலீ ஆஹே

மகாதேவன் மும்பை மாட்டுங்காவில் பிறந்து செம்பூரில் குடியேறியவர். பஸ்ஸில் போனால் அரை மணி நேரத் தூரம். அதைக் கடக்க அவருக்கு முப்பது வருஷம் பிடித்தது. ஒரே அறையில் ஏழு பேர் வரிசையாகப் படுத்திருந்த வீட்டிலிருந்து, இரண்டு படுக்கையறையும் துணி காயப்போட ஒரு பால்கனியும் உள்ள ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்ததை அவர் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. சொல்லிக்கொள்ள அவரிடம் வேறு இரண்டு பெருமைகள் இருந்தன.

முதலாவது, அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் க்ளெய்ம் பிரிவில் வேலை. சரக்கு நனைந்துவிட்டது, லாரி கவிழ்ந்துவிட்டது, கோடவுனில் தீப்பிடித்துவிட்டது என்று ஊர் உலகமெல்லாம் எழுதி அனுப்பும் காரணங்களைப் படித்து, நம்புவதற்கில்லை என்று முடிவு கட்டுவது அவர் பொறுப்பு. அதை அவர் சம்பளத்துக்காக மட்டும் செய்யவில்லை, மனமார ரசித்துச் செய்தார். மனிதர்கள் சொல்லும் காரணங்களில் முக்கால்வாசி பொய், மிச்சம் ஆதாரமில்லாத உண்மை என்பது அவருடைய சித்தாந்தம். இரண்டையும் அவர் ஒரே கண்ணால்தான் பார்ப்பார்.

இரண்டாவது பெருமை மராட்டி. "எனக்கு மராட்டி தண்ணிபட்ட பாடு" என்று அறிமுகமான பத்தாவது நிமிஷத்தில் சொல்லிவிடுவார். ஹவுஸிங் சொசைட்டி கூட்டத்தில் எழுந்து மராட்டியில் பேசுவார். ஆட்டோக்காரனிடம் மராட்டியில் வழி சொல்வார். பள்ளிக்கூடத்தில் மராட்டியில் பாஸ் மார்க்குக்கு மேல் ஒரு மார்க் வாங்கியவர் என்பதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவர் வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் பேசியதுமே எதிரில் இருக்கும் மராட்டிக்காரர்கள் அவசரமாக ஹிந்திக்கு மாறிவிடுவார்கள். அதை அவர்களுடைய பெருந்தன்மை என்று மகாதேவன் எடுத்துக்கொண்டார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த மனிதருக்கு ஐம்பத்தோராவது வயதில் சாகசம் வந்தது. சிலருக்குச் சர்க்கரை வருவதில்லையா, அதுபோல.

கொண்டுவந்து ஒட்டவைத்தவன் ஷ்ரவண். அதே ஆபீஸில் கம்ப்யூட்டர் பிரிவு, வயது இருபத்தொன்பது, மாட்டுங்கா பையன். லன்ச் நேரத்தில் போனில் வீடியோ காட்டுவான். யாரோ முகம் தெரியாத ஹெல்மெட்டுகள் சேற்றிலும் மணலிலும் மோட்டார் சைக்கிளை உருட்டி, விழுந்து, எழுந்து, கூடாரம் போட்டு, கட்டை எரித்து, தகர டம்ளரில் கருப்புக் காபி குடித்துக்கொண்டிருந்தன. வீட்டில் டிகிரி காபியில் ஒரு பொட்டு தண்ணீர் கூடினால் முகம் சுளிக்கிறவர் அந்தத் தகர டம்ளரைப் பார்த்து ஏங்கினார். மூன்றே மாதத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் அட்வெஞ்சர் பைக் செம்பூர் சொசைட்டியின் பார்க்கிங்கில் வந்து நின்றது. ஆள் உயரம். ஏறி உட்கார்ந்து காலை ஊன்றினால் மகாதேவனுக்குக் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டது.

அவர் மனைவி அகிலாண்டம் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்னா, ஏறறதுக்கு ஸ்டூல் அவாளே தருவாளா, நாம வாங்கணுமா?"

சாகசக் குழுவில் மூன்றாவது ஆள் வேண்டும் என்றான் ஷ்ரவண். இரண்டு பேர் போனால் அது டூர், மூன்று பேர் போனால்தான் எக்ஸ்பெடிஷன் என்பது அவன் கணக்கு. மகாதேவன் தாராவிக்குப் போய்த் தன் பள்ளித் தோழன் தௌசீப்பைப் பிடித்தார். தௌசீப்பின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். தோல் பை செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். பைகளை மூட்டை கட்டி தாதர் கடைகளுக்குக் கொண்டுபோவதற்கென்று ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் உண்டு.

"மண்ணு ரோட்டுல ஓட்டதுக்காவே அம்புட்டுத் தூரம் போணும்? எங்க தெருவுல ஆறு மாசமா தோண்டிப் போட்டிருக்கான். இங்கனயே ஓட்டும். ராத்திரி எங்க வீட்டுலயே படுத்துக்கிடலாம்" என்றார் தௌசீப்.

ஆனாலும் வருவதாக ஒப்புக்கொண்டார். பள்ளிக்கூட நாளிலிருந்தே மகாதேவன் போய் விழுகிற பள்ளத்தில் கூடவே போய் விழுவது அவர் வழக்கம்.

இதற்கு நடுவில்தான் வந்தனா விஷயம். வந்தனா மகாதேவனுக்கு ஒரே பெண். ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை. அங்கேயே வேலை பார்க்கிற ஓம்கார் சாவந்த் என்ற தாதர் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்பு சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். மராட்டிக்குத் தான் எவ்வளவு நெருக்கம் என்று பேசிப் பேசி வளர்த்த அப்பாவுக்கு, மராட்டி வீட்டுக்குள்ளேயே வரப்போகிறது என்றதும் வாய் அடைத்துப்போனது.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் அப்படிச் சொல்கிற ஆளே அல்ல. சாவந்த் குடும்பத்தார் முதல் தடவை செம்பூருக்கு வருவதாக இருந்த அன்று காலை அவருக்கு ரத்தக் கொதிப்பு வந்தது. இரண்டாவது தடவை ஆபீஸில் ஆடிட் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆடிட். இரண்டு தடவையும் வந்தனா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், ஓம்காரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள்.

அப்புறம் ஒருநாள் மகாதேவன் தாதர் மார்க்கெட்டில் அவர்கள் இருவரையும் தற்செயலாகப் பார்த்தார். அவர்கள் பார்க்கவில்லை. ஓம்கார் ஏதோ சொல்ல, வந்தனா கொத்தமல்லிக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டு இரண்டு வருஷமாயிற்று என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "அவாளை வரச் சொல்லு. பேசி முடிச்சுடலாம்" என்றார். மனதாரத்தான் சொன்னார். நாளும் குறித்தாயிற்று. அக்டோபர் முதல் ஞாயிறு.

எக்ஸ்பெடிஷனும் அதே சனி, ஞாயிறுதான். இது தற்செயலா என்று கேட்டால் மகாதேவன் சத்தியம் செய்வார். அவருடைய மேஜைக்கு இந்தக் கேஸ் வந்திருந்தால் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் தள்ளுபடி செய்திருப்பார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தனா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நீ போறதை நான் தடுக்கலை. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு அவா வரா. நீ இருக்கணும்."

"பத்து மணிக்கே ஷேவ் பண்ணிண்டு ஹால்ல உக்காந்திருப்பேன்."

"ரெண்டு தடவை ஆயிடுத்து. இந்தத் தடவையும் நீ இல்லேன்னா, உனக்கு இஷ்டமில்லேன்னுதான் அவா எடுத்துப்பா. நானும் அப்படித்தான் எடுத்துப்பேன்."

அவள் குரல் உயரவில்லை. மகாதேவன் ஆகட்டும் என்று தலையாட்டினார். ஆனாலும் மறுநாள் காலை கிளம்பினார். பெட்டி கட்டியாயிற்று. குழுவுக்கு ஷ்ரவண் 'டர்ட் டெவில்ஸ்' என்று பெயர் வைத்து, அதை முதுகில் அச்சடித்த பனியன்களும் வந்துவிட்டன. முதுகில் அப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார முடியுமா?

எக்ஸ்பெடிஷனின் முதல் கட்டம் மான்கூர்ட் சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்றது. இரண்டாவது கட்டம் பன்வேலுக்கு முன்னால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் புகை குடித்தது. அதன்பின் ஒரு டீக்கடையில் வடா பாவ். பிறகுதான் ஷ்ரவண் மூன்று வாரமாக வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்த அந்தப் பொக்கிஷம் வந்தது. தார் போடாத ரோடு. பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் அதற்குத் தார் போடச் சொல்லி வருஷக்கணக்கில் மனு கொடுத்துக்கொண்டிருப்பதாக டீக்கடைக்காரர் சொன்னார். அது அப்படியே இருப்பதற்காக மும்பையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை.

மழை முடிந்துவிட்டது என்று காலண்டர் சொன்னது. மண் அதை ஒப்புக்கொள்ளவில்லை. செம்மண் சக்கரத்தில் ஏறி, பூட்ஸில் ஏறி, சாயங்காலத்துக்குள் மகாதேவனின் மீசைக்கும் ஏறிவிட்டது. இரண்டு தடவை விழுந்தார். இரண்டும் வண்டி நின்றுகொண்டிருந்தபோது. ஊன்றக் கால் எட்டாததால் மெதுவாகச் சாய்ந்து, முகத்தில் ஒரு கௌரவத்தோடு, தரைக்குப் போய்ச் சேர்ந்தார். ஷ்ரவண் அதை வீடியோ எடுத்து 'டெக்னிக்கல் செக்ஷன்' என்று பெயர் வைத்தான். எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய தன் பழைய வண்டியில் தௌசீப் லுங்கி நனையாமல் வந்து சேர்ந்தார்.

மலைச்சரிவில் ஒரு ஏரி. கரையில் கூடாரம். மூன்று பேர் கூடாரம் என்று டப்பாவில் போட்டிருந்தது. எந்த நாட்டு மூன்று பேர் என்று போடவில்லை. ஷ்ரவண் ஏதோ பொடியை வெந்நீரில் கரைத்து அதற்கு ராஜ்மா என்று பெயர் சொன்னான். தௌசீப் தன் மூட்டையைப் பிரித்தார். அவர் மனைவி நூர் நிஷா இரண்டு டப்பா கட்டிக் கொடுத்திருந்தாள். ஒன்றில் பரோட்டாவும் கறியும். இன்னொன்றில் மகாதேவனுக்கென்று தனியாக எலுமிச்சம்பழச் சாதமும் வடகமும். சாகச வீரர்கள் மூவரும் அந்த இரண்டு டப்பாவைக் காலி செய்துவிட்டு, ராஜ்மாவை இயற்கைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

சாப்பிட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தபோது தௌசீப் கேட்டார்: "நாளைக்கு அவுக வாராவல்லா? இங்கன வந்து கொசுக்கடி வாங்கிக்கிட்டுக் கெடக்கீரு. நெசமாச் சொல்லும். பிடிக்கலியா?"

மகாதேவன் முழங்கையில் உட்கார்ந்த கொசுவை அடித்தார்.

"பையன் நல்லவன்தான்டா. அவா வீட்லயும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா அவா வந்து உக்காந்து, காபி குடிச்சு, தேதி பேசிட்டாள்னா அப்பறம் வந்தனா இந்தாத்துப் பொண்ணு இல்லையேடா. அதை நெனச்சா எங்கயாவது ஓடிப்போயிடலாம்னு இருக்கு. ரெண்டு தடவையும் அதான்."

"ஓடி வந்துட்டீரு. இந்தா ஏரி, இந்தா கொசு. இப்ப என்ன ஆச்சி?"

"ஒண்ணும் ஆகலை. ஆத்துக்குப் போணும்னு இருக்கு."

"காலையில வெள்ளன கெளம்பிருவோம்" என்றார் தௌசீப்.

விடிந்ததும் கிளம்பினார்கள். இதில் மகாதேவன் மேல் ஒரு தப்பும் கிடையாது. கூடாரத்தை மடித்து அது வந்த பைக்குள் திரும்பத் திணிப்பது மனித சக்திக்கு அப்பாற்பட்டது என்று தெரிந்ததும், அதைச் சுருட்டிப் பாம்புபோல வண்டியில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். வந்த வழியில் ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். ராத்திரி மேலே எங்கோ பெய்த மழையில் ஓடை இடுப்பளவுக்கு வந்திருந்தது. வேறு வழி தேடி வேறு பக்கம் திரும்பினார்கள். போனில் சிக்னல் இல்லை. வரைபடத்தில் அவர்கள் இருந்த இடம் வெறும் பச்சையாக இருந்தது.

பாதை ஓரிடத்தில் பிரிந்தது. நேராக மேலே அகலமாக ஒரு தடம் ஏறியது. இடது பக்கம் புதருக்குள் ஒரு சின்ன இறக்கம், தண்ணீர் அரித்த வாய்க்கால்போல. அங்கே ஒரு பெண்மணி நான்கைந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு நின்றாள். ஷ்ரவண் முன்னால் போய்விட்டிருந்தான், காதில் பாட்டு. தௌசீப் ரொம்பப் பின்னால், அவிழ்ந்த மூட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மகாதேவனின் வாழ்க்கை எந்த நிமிஷத்துக்காக அவரைத் தயார்ப்படுத்தியிருந்ததோ அந்த நிமிஷம் வந்துவிட்டது. மராட்டி தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

ஹெல்மெட்டைக் கழற்றி, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹைவேக்குப் போகிற ரஸ்தா எது என்று மராட்டியில் கேட்டார்.

அந்தப் பெண்மணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ரஸ்தா காலீ ஆஹே" என்றாள்.

மகாதேவனுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. காலி. ரோடு காலியாக இருக்கிறதாம். லாரி இல்லை, டிராஃபிக் இல்லை, தடங்கல் இல்லை. பம்பாய் ஹிந்தியிலும் காலி, தமிழிலும் காலி, மராட்டியிலும் காலி. பாரத தேசத்தின் ஒற்றுமையை எண்ணி அந்த அவசரத்திலும் ஒரு கணம் பூரித்தார்.

அவர் நேராக மேலே பார்த்துத் தலையாட்டுவதைக் கண்ட பெண்மணி, "காலீ, காலீ" என்று இன்னும் இரண்டு தடவை சொல்லி, உள்ளங்கையைத் தரையைப் பார்க்க வைத்து அமுக்கிக் காட்டினாள். மெதுவாகப் போகச் சொல்கிறாள் என்று மகாதேவன் புரிந்துகொண்டார். கிராமத்து ஜனங்களுக்குத்தான் எவ்வளவு அக்கறை. நன்றி சொல்லி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அவள் பின்னாலிருந்து இன்னும் ஏதோ சொன்னாள். ஹெல்மெட்டுக்குள் கேட்கவில்லை.

"ரோடு ஃபுல்லா காலியாம்" என்று ஷ்ரவணை எட்டிப் பிடித்துச் சொன்னார். "ஒம்பதரைக்கெல்லாம் செம்பூர்."

"க்யா பாத் ஹை சார். நான் இந்தி பேசினா இவங்க பதிலே சொல்ல மாட்டாங்க. உங்க மராட்டி செம" என்றான் ஷ்ரவண். பள்ளிக்கூடத்தில் அவன் மராட்டிக்குப் பதிலாக ஃப்ரெஞ்சு எடுத்தவன். அதனால் இந்த மலையில் அவனால் யாருக்கும் உபகாரமில்லை.

ரோடு காலியாகத்தான் இருந்தது. அதை மறுக்க முடியாது. மனிதர், மாடு, வண்டித்தடம் எதுவும் இல்லாமல் அப்பழுக்கற்ற காலி. ஏற ஏறத் தடம் குறுகியது. செம்மண் வழவழவென்று ஆனது. கடைசியில் எப்போதோ கைவிட்ட ஒரு கல்குவாரியின் விளிம்பில் போய் முடிந்துவிட்டது. மகாதேவன் பிரேக் போட்டார். வண்டி நின்றது, அவர் நிற்கவில்லை. பிறகு வண்டியும் அவரைத் தேடிக்கொண்டு வந்து, பக்கத்துப் பள்ளத்துச் சேற்றில் இருவரும் ஒன்றாகப் படுத்தார்கள்.

அடி ஒன்றும் படவில்லை. ஆனால் இருநூறு கிலோ வண்டி முழங்கால் ஆழச் சேற்றில் புதைந்து கிடந்தது. பின்னால் வந்துசேர்ந்த தௌசீப்பும் கைகொடுக்க, மூவரும் அதைத் தூக்கினார்கள், அது வழுக்கிக்கொண்டு இன்னும் உள்ளே போனது. மறுபடி தூக்கினார்கள். ஷ்ரவண் கேமராவை ஆஃப் செய்துவிட்டான். எக்ஸ்பெடிஷனில் அவன் கேமராவை ஆஃப் செய்தது அப்போதுதான் முதல் தடவை.

குவாரியின் உச்சியில் போனில் ஒரே ஒரு கோடு சிக்னல் வந்தது. மகாதேவன் வந்தனாவுக்கு அடித்தார். எடுக்கவில்லை. வீட்டுக்கு அடித்தார். அகிலாண்டம் எடுத்தாள்.

"அகிலா, கேளு. தப்பான வழியில வந்துட்டோம். ஒரு பொம்மனாட்டி ரஸ்தா காலின்னு..."

"என்னது? சரியாவே கேக்கலை. ரோடு காலியா இருக்கா?"

"காலின்னு சொன்னா, ஆனா..."

"காலியா இருந்தா வர வேண்டியதுதானே. எதுக்குப் போன் பண்ணிண்டு நிக்கறேள்?"

கோடு போய்விட்டது. மகாதேவன் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குவாரியைச் சுற்றி நடந்தார். கோடு வரவே இல்லை.

கடிகாரம் ஒன்பதரையைத் தாண்டியது. பத்தைத் தாண்டியது. சேற்றில் நின்றுகொண்டு ஹேண்டில்பாரை இழுத்த மகாதேவனுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டியது. முந்திய இரண்டு தடவையும் வேண்டுமென்றே ஓடினார். அப்போது நெஞ்சு படபடத்ததே தவிர வலிக்கவில்லை. இந்தத் தடவை போகத்தான் துடிக்கிறார். வந்தனாவின் பக்கத்தில் உட்கார்ந்து, இவள் என் பெண், உங்கள் வீட்டுக்குத் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். அதைவிட அவருக்கு இந்த உலகத்தில் அன்றைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கல்குவாரிக்கு அது தெரியவா போகிறது?

அந்த நேரம் பார்த்து ஆட்டுமணிச் சத்தம் கேட்டது. அதே பெண்மணி, அதே ஆடுகள். மூன்று சேற்று உருவங்களையும் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறாத பையனிடம் சொல்வதுபோல, நான்தான் சொன்னேனே என்று ஒவ்வொரு சொல்லாக மகாதேவனிடம் சொன்னாள்.

"மீ சாங்கித்லா நா. ரஸ்தா காலீ ஆஹே."

சொல்லிவிட்டு விளிம்பிலிருந்து கீழே கையைக் காட்டினாள். நேர் கீழே, மரங்களுக்கு நடுவே, பளபளவென்று ஒரு தார் ரோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சிவப்பு பஸ் போயிற்று.

தௌசீப் மகாதேவனைத் திரும்பிப் பார்த்தார். "காலையில உம்மகிட்ட இதத்தான் சொன்னாகளாவே?"

"ஆமாம். ரோடு காலியா இருக்குன்னு..."

"மராட்டியில காலீன்னா கீழவே. ரோடு கீழ இருக்குன்னு சொல்லிருக்காவ. எங்க பட்டறையில மூட்டைய எறக்கி வைக்கச் சொல்லும்போது மராட்டிப் பய ஒருத்தன் நித்தம் இதத்தான் கத்துதான்." கொஞ்சம் நிறுத்தி, "நாமதாம்வே காலி" என்றார்.

ஷ்ரவண் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது. மகாதேவனுக்கு இத்தனை வருஷமாகத் தன்னிடம் ஹிந்திக்கு மாறிய ஒவ்வொரு முகமும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. எல்லாம் பெருந்தன்மைதான். சந்தேகமே இல்லை.

பெண்மணி ஆடுகளை விட்டுவிட்டு வந்து ஒரு கை கொடுத்தாள். நாலு பேருமாக இழுத்ததில் வண்டி ஒரு பெரிய சத்தத்தோடு சேற்றை விட்டு வெளியே வந்தது. பாதை பிரிந்த இடத்துக்குத் திரும்பி, புதர் இறக்கத்தில் இறங்கி, அந்தத் தார் ரோட்டில் ஏறி, மகாதேவன் வாழ்நாளில் ஓட்டாத வேகத்தில் ஓட்டினார். ஓட்டிக்கொண்டே வந்தனாவிடம் சொல்ல வேண்டியதை ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒரு ஆட்டுக்காரி, காலீ, மராட்டியில் கீழே, குவாரி. எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் கடைந்தெடுத்த பொய்போலவே ஒலித்தது. அவருடைய மேஜைக்கு வந்திருந்தால் அவரே சிரித்திருப்பார்.

மான்கூர்டில் ஷ்ரவணும் தௌசீப்பும் பிரிந்தார்கள். தௌசீப் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "உள்ளதச் சொல்லும். நம்பினா நம்புதா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செம்பூருக்கு வந்தபோது மணி ஒன்றரை. லிஃப்டில் ஏறவிடாமல் வாட்ச்மேன் தடுத்தான், யாரென்று தெரியாமல். படியேறிப் போனார். வாசலில் வேற்று மனிதர்களின் செருப்பு ஒன்றும் இல்லை. வந்து, காத்திருந்து, போய்விட்டார்கள். மணியை அடிக்க இரண்டு தடவை கையைத் தூக்கி இறக்கினார்.

கதவை வந்தனாதான் திறந்தாள். நைட்டியில் இருந்தாள். தலையில் எண்ணெய். அப்பாவைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். அந்தச் செம்மண்ணுக்குள் அப்பா எங்கே இருக்கிறார் என்று தேடுவதுபோல இருந்தது.

"அவா போயிட்டாளா?" என்றார் மகாதேவன். "நான் வேணும்னு பண்ணலைம்மா. இந்தத் தடவை சத்தியமா வேணும்னு பண்ணலை. ஒரு ஆட்டுக்காரி..."

"இன்னும் வரவே இல்லைப்பா."

"பதினொண்ணுன்னியே."

"உன்கிட்ட பதினொண்ணுன்னேன். அவாளை நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன்."

உள்ளே அகிலாண்டம் கேசரிக்கு ரவை வறுக்கிற வாசனை நிதானமாக வந்துகொண்டிருந்தது. மகாதேவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். உயிர் திரும்பியது. திரும்பிய உயிர் முதல் வேலையாக ரோஷப்பட்டது.

"அவ்வளவு நம்பிக்கை என் மேல."

வந்தனா அவர் கையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கினாள். அதற்குள்ளிருந்து கொஞ்சம் சேறு தரையில் விழுந்தது.

"நம்பிக்கை இருக்கறதாலதான்பா நாலு மணி" என்றாள். "நீ வரவே மாட்டேன்னு நெனச்சிருந்தா, அவாளையும் பதினொண்ணுக்கே வரச் சொல்லியிருப்பேனே."

மகாதேவன் ஆட்டுக்காரி கதையைச் சொல்லவே இல்லை. பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டுக் குளிக்கப் போனார். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

இரண்டு மணிக்கெல்லாம் ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து, ஹாலில் வாசலைப் பார்க்கிற நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்துவிட்டார். சாப்பிட வரும்படி அகிலாண்டம் இரண்டு தடவை கூப்பிட்டாள்.

"இப்போ வேண்டாம். சட்டை கசங்கிடும்."

"ஏன்னா, இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கே."

"இருக்கட்டும்" என்றார் மகாதேவன். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.